‘இவ்வளவுதான் வளரும்’ என்று சொல்லி விற்கப்படும் ஆமைக்குட்டிகள்: பெற்றோர் கவனத்திற்கு

பள்ளி விடுமுறை நெருங்கும் வாரங்களில் வண்ணமீன் கடைகளின் முகப்பைப் பாருங்கள். நடுவே பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த சிறு தொட்டிகளில், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை ஆமைக்குட்டிகள் நீந்திக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். கடந்த அரையாண்டு விடுமுறையில் என் மகளுக்குப் பரிசாக வந்ததும் அப்படியொரு குட்டிதான். வாங்கிக் கொடுத்தவன் அவளுடைய தாய்மாமன், என் தம்பி. விற்ற கடையின் பெயரைப் புகாரில் எழுதிக் கொடுத்துவிட்டோம். இதே வியாபாரம் வேறு பல கடைகளிலும் இதே பொய்களுடன் நடப்பதால் இங்கே அந்தப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

என் தம்பி விசாரிக்காமல் வாங்குகிறவன் அல்லன். எவ்வளவு பெரிதாக வளரும், என்ன சாப்பிடும், குழந்தை கையில் எடுக்கலாமா என்று மூன்றையும் கேட்டிருக்கிறான். “இவ்வளவுதான் சார் வளரும், இது குட்டை ஜாதி. நம்ம ஊர் ஆமைதான், ஒண்ணும் ஆகாது. வாஸ்துவுக்கும் நல்லது” என்று பதில் வந்திருக்கிறது. உணவாகக் காய்ந்த பொடி இறால் ஒரு டப்பா, தொட்டி, குட்டி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை வாங்கியிருக்கிறார்கள். ரசீது கேட்டபோது, செயலி வழியாகப் பணம் அனுப்பியதே ரசீதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பதிலில் ஒரு வாக்கியம்கூட உண்மையில்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையுடன் இருக்கும் இந்த ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட செங்காது ஆமை. முட்டையிலிருந்து வரும்போது சுமார் 3 சென்டிமீட்டர் இருக்கும் இது, நன்கு வளர்ந்த பெண்ணாக இருந்தால் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். ஒழுங்காகப் பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். அதாவது, நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த விடுமுறைப் பரிசு, அந்தப் பிள்ளை படித்து வேலைக்குப் போய்த் திருமணம் செய்துகொண்ட பிறகும் வீட்டில் ஒருவர் தண்ணீர் மாற்ற வேண்டிய பொறுப்பாக நிற்கும். ‘நம்ம ஊர் ஆமை’ என்ற சொல் இன்னும் வேடிக்கையானது. நம் நாட்டுப் பால் ஆமையும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கடைக்காரர் சொன்னது மெய்யாக இருந்திருந்தால், அவர் குற்றமொன்றை விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தார் என்று பொருள்.

பொங்கல் கழிந்த சில நாட்களில் குட்டி உணவைத் தொடவில்லை. இரு கண்களும் வீங்கி மூடிக்கொண்டன. ஓட்டின் விளிம்பு விரலால் அழுத்தினால் வளைந்துகொடுத்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, குளிர்காலத்தில் ஆமைகள் தூங்கும், ஜன்னல் ஓரமாக வையுங்கள் என்றார்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகுதான் உண்மை விளங்கியது. கண் வீங்கியதற்கு வைட்டமின் ஏ குறைவும், ஓடு மெலிந்ததற்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி3யும் கிடைக்காததும் காரணம் என்றார் மருத்துவர். இந்த ஆமை நீரைவிட்டு வெளியே ஏறி, உடல் முழுதும் உலரும்படி வெயில் காய வேண்டும். வெயிலிலுள்ள புறஊதா பி கதிர் பட்டால்தான் அதன் உடலில் டி3 உருவாகி, உண்ணும் சுண்ணாம்புச் சத்து ஓட்டிலும் எலும்பிலும் சேரும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால், கடையின் யோசனைப்படி கண்ணாடிக்குப் பின்னால் வைத்தது எந்தப் பயனும் தரவில்லை. வெறும் காய்ந்த இறால் வளரும் குட்டிக்கு முழு உணவாகாது. அந்தப் பிளாஸ்டிக் தென்னைமரத் தீவில் ஏறி உட்கார்ந்தாலும் வாலும் பின்னங்கால்களும் தண்ணீரிலேயே கிடக்கும். குட்டிக்கென்று விற்கப்பட்ட அந்தத் தொட்டி, வாங்குகிறவர் கண்ணுக்காகச் செய்யப்பட்டது.

மருத்துவர் அடுத்துக் கேட்ட கேள்வி எங்களைப் பற்றியது: தொட்டியை எங்கே கழுவுகிறீர்கள், வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிறதா? என் மகனுக்கு மூன்று வயது. தொட்டியை வீட்டுப் பணிக்கு வரும் அம்மா சமையலறைத் தொட்டியில்தான் கழுவிவந்தார், ஏனென்றால் அங்கே கழுவக் கூடாது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆமைகள் தாங்கள் நோயுறாமலேயே சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஓட்டிலிருந்தும் தொட்டி நீரிலிருந்தும் அது கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பெரியவர்களுக்குச் சில நாட்களில் அடங்கிவிடலாம். சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது மருத்துவமனை வரை கொண்டுபோகும். இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆபத்தும் அன்று. ஆமைக்குட்டிகளை வாயில் வைத்தும் முத்தமிட்டும் விளையாடிய பிள்ளைகள் நோயுற்றதால், 4 அங்குலத்துக்கும் குறைவான ஓடுடைய ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்க அரசு 1975ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. இந்த ஆமையின் சொந்த நாட்டில் குழந்தைகளுக்கு விற்கக் கூடாதென்று அரை நூற்றாண்டுக்கு முன் ஒதுக்கிய அதே அளவுக் குட்டிதான், இங்கே ‘ஒண்ணும் ஆகாது’ என்ற உறுதியுடன் நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படுகிறது.

மருத்துவச் சீட்டுடன் நானும் தம்பியும் கடைக்குப் போனோம். “செத்துட்டா பாதி விலைக்கு வேற குட்டி தர்றேன் மேடம்” என்றார் உரிமையாளர். குட்டி சாகவில்லை, நீங்கள் சொன்னது பொய் என்பதற்காக வந்திருக்கிறோம் என்றேன். அதற்கு அவர், பெரிதானால் ஏதாவது ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடலாமே, புண்ணியம்தானே என்றார். விற்கும்போது வளராது என்று சாதித்த அதே கடையிலிருந்துதான் இது வந்தது. நாங்கள் கிளம்பும் நேரத்தில் கடைப் பையன் தம்பியிடம் குரலைத் தாழ்த்தி, நட்சத்திர ஆமை வேண்டுமென்றால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகம் 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் வைத்துத் தடுக்கப்பட்டிருக்கிறது. உள்நாட்டில் அது வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1இல் உள்ள உயிரினம். வாங்குகிறவரும் சிறைத் தண்டனைக்கு உள்ளாவார். இதை அந்தப் பையன் அறிந்திருந்தானா தெரியாது. முதலாளி அறியாமல் இருக்க வாய்ப்பில்லை.

குளத்தில் விடும் புண்ணியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல மனத்துடன் இதைச் செய்கிறவர்கள் பலர். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997ஆம் ஆண்டில் இதன் இறக்குமதியை நிறுத்தியது. இந்தியாவிலும் திருச்சூர்ப் பகுதி நீர்நிலையிலும், குவாஹாட்டியின் உக்ரதாரா கோயில் குளத்திலும் 2018இல் இது காணப்பட்டது. அவை வீடுகளிலிருந்து விடப்பட்டவையாகத்தான் இருக்க முடியும். மீன்குஞ்சு, தவளைமுட்டை, நீர்ச்செடி என எதையும் தின்று, வெயில் காயும் கல்லுக்கும் கரைக்கும் நம் பால் ஆமையோடும் காராமையோடும் இது போட்டியிடும். தன் நோய்களையும் உடன் கொண்டுவரும். விற்ற கடையோ வளர்ந்த ஆமையைத் திரும்ப வாங்குவதில்லை. ஆகவே வாங்கியவர் தலையில் விடிகிற செலவு முழுவதையும் மறைத்துத்தான் அந்த மலிவான விலை சொல்லப்படுகிறது. ஏறி உலரப் பாறை வைத்த பெரிய தொட்டி, வடிகட்டி, புறஊதா விளக்கு, மருத்துவச் செலவு என்று எங்களுக்கு ஆனது குட்டியின் விலையைப் போலப் பல மடங்கு. கண் திறந்து இப்போது சாப்பிடுகிறது. ஓடு இறுகக் காலம் எடுக்கும் என்கிறார்கள்.

2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, இத்தகைய கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் கேட்டபோது அந்தக் கடையில் பதிவுச் சான்றிதழைக் காட்டவில்லை. பணம் அனுப்பிய பதிவு, தொட்டியோடு எடுத்த படம், மருத்துவச் சீட்டு ஆகிய மூன்றையும் இணைத்து வாரியத்துக்கு எழுதியிருக்கிறோம். நட்சத்திர ஆமை பற்றிய பேச்சை வனத்துறைக்குத் தனியாகத் தெரிவித்தோம். விசாரணை எதுவும் இன்னும் தொடங்கியதாகத் தகவல் இல்லை.

ஏற்கெனவே இந்த ஆமை உங்கள் வீட்டில் இருந்தால் அதை வெளியே விடாதீர்கள்; தொட்டியைச் சமையலறைக்கு அப்பால் கழுவுங்கள்; தொட்ட ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் சோப்பிட்டுக் கை கழுவட்டும். கோடை விடுமுறைக்கு இனிமேல்தான் வாங்க நினைக்கிறீர்கள் என்றால், பணத்தை எடுப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழையும், உயிரினத்தின் பெயர் எழுதிய ரசீதையும் கேளுங்கள். ஆமைக் கடையில் இந்த இரண்டையும் கேட்டவருக்குப் பெரும்பாலும் எதையும் விற்கமாட்டார்கள்.