கொட்டகலைக் கடையில் சினாப்டிக்: ஒரு வருஷப் பழக்கம்

கொட்டகலை டவுனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, டைப்பிங், சேமலாப நிதி விண்ணப்பம், பிள்ளைகளின் ஒப்படை, இதுதான் பிழைப்பு. ஆட்கள் கொண்டுவரும் பென் ட்ரைவ்களில் வைரஸ் ஏறி, மாதம் ஒருமுறை மெஷின் படுத்துக்கொள்ளும். கொழும்பில் வேலை செய்யும் அக்கா மகன் ஒரு தீபாவளி லீவில் வந்தபோது, 4 ஜிபி ரேம் உள்ள அந்தக் கிழட்டு மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டுப் போனான். மிண்ட் நன்றாகவே ஓடுகிறது. நான் சொல்ல வந்தது, அதில் மென்பொருள் இறக்கித் தரும் சினாப்டிக் என்ற பொதி மேலாளரைப் பற்றி.

முன்பெல்லாம் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் நாலு தளத்தில் தேடி, விளம்பரத்தில் கைபட்டு, வேண்டாததையும் சேர்த்து இறக்குவேன். இங்கே எல்லாம் ஒரே களஞ்சியத்திலிருந்து வருகிறது. மென்பொருள் கட்டாக வரும் பொதியைப் பிரித்து மெஷினில் வைப்பது டிபிகேஜி என்ற கருவி. அதற்கு இன்னும் என்னென்ன பொதி வேண்டும் என்று பார்த்துக் கூட்டி வருவது ஏபிடி. இந்த இரண்டும் 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வழி வந்தவை. சினாப்டிக் அவற்றின் மேல் போட்ட முகப்புதான். இருக்கிற பொதிக்குப் பச்சைப் பெட்டி, இல்லாததற்கு வெறும் பெட்டி.

முதல் நாளே தடுக்கி விழுந்தேன். தமிழ் எழுத்துரு தேட ஆங்கிலத்தில் 'தமிழ்' என்று அடித்தேன். பெயரில் மட்டும் தேடு என்று கொடுத்திருந்ததால் எனக்கு வேண்டியது ஒன்றும் வரவில்லை. விவரத்தையும் சேர்த்துத் தேடிய பிறகுதான் புரிந்தது, நம் மொழிக்கு அங்கே மூன்று பெயர். லோஹித் எழுத்துருப் பொதியின் வாலில் டி-ஏ-எம்-எல். கடிதம், கணக்கு அடிக்கும் லிபரே ஆபீஸின் தமிழ்ப் பொதியில் வெறும் டி-ஏ. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட்டில் டி-ஏ-எம். ஒரே ஆள், மூன்று அடையாள அட்டை! இந்த டெசராக்ட் எனக்குப் பெரிய உதவி. பழைய அச்சுத்தாளை ஸ்கேன் பண்ணிக் கொடுத்தால் முக்கால்வாசி டைப்பிங் மிச்சம். ஆனால் நம் பக்கம் எல்லாரும் கொண்டுவரும் பாமினி எழுத்துரு களஞ்சியத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. அதை வெளியிலிருந்து நானே எடுத்துப் போட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, 'அப்ளை' அமுக்கியதும் வரும் அந்தச் சின்னப் பெட்டி. எத்தனை புதிதாக வரும், எது போகும், எத்தனை எம்பி இறக்க வேண்டும், டிஸ்க்கில் எவ்வளவு பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கிற எனக்கு அது கடை பில் மாதிரி. ஒருமுறை பிரிண்டர் சம்பந்தமான ஒன்றை நீக்கப்போய், கூடவே ஒன்பது பொதி போகும் என்று காட்டியது. அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "கேன்சல் பண்ணுங்க சித்தி. அது கேக்குறத வாசிச்சுட்டு அமுக்குங்க" என்றான். அன்றிலிருந்து வாசிக்காமல் அமுக்குவதில்லை.

ஆனி மாத மழையில் ஒரு மத்தியானம் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பற்றரி எப்போதோ செத்துப்போயிருந்தது. மெஷின் திரும்ப வந்தும் சினாப்டிக் வேலை செய்ய மறுத்தது. டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது, இன்ன கட்டளையை நீயே அடி என்று ஒரு வரி. போனில் அக்கா மகன் சொல்லச் சொல்லக் கொப்பியில் தமிழிலேயே எழுதிக்கொண்டேன்: சூடோ, டிபிகேஜி, இரண்டு கோடு, கன்ஃபிகர், ஒரு கோடு, ஏ. அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. டிபிகேஜிக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இடைவெளி விடவில்லை. விட்டேன். சரசரவென்று வரிகள் ஓடி, விட்ட இடத்திலிருந்து எல்லாம் ஒழுங்கானது. முன்பு மாதிரி என்றால் அன்றைக்கு ஹட்டனுக்குத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. வேண்டியதைக் குறித்துவிட்டு, ஃபைல் மெனுவில் இறக்குவதற்கான ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) ஒன்றை உருவாக்கலாம். அதை வேறு இடத்து லினக்ஸ் மெஷினில் ஓட்டி, வந்த பொதிகளைப் பென் ட்ரைவில் கொண்டுவந்து சேர்க்கலாம். இந்தத் தீபாவளிக்குப் பெரிய அப்டேட் ஒன்றை அவன் கொழும்பிலிருந்து அப்படித்தான் கொண்டுவந்தான். நான் இடையில் 'ரீலோட்' அமுக்கிப் பட்டியலைப் புதுப்பித்திருந்தேன். சில பொதிகளின் பதிப்பு மாறி, அவை மட்டும் திரும்ப இறங்கின. நல்லா ஏச்சு வாங்கினேன்.

குறை என்றால், பொதி விவரங்கள் ஆங்கிலத்தில், அதுவும் தெரிந்தவருக்கு எழுதியது போல. அப்டேட் மேலாளர் வேலையில் இருக்கும்போது இதைத் திறந்தால் பூட்டுப் போட்டிருக்கிறது என்று சண்டைக்கு வரும். அது முடியும்வரை ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். அழகு பார்ப்பவர்களுக்கு மிண்டிலேயே படத்தோடு வேறொரு மேலாளர் இருக்கிறது. எனக்கு இதுதான் சரி. 5க்கு 4 கொடுப்பேன்.

பக்கத்து ஸ்டூடியோக்காரர் பார்த்துவிட்டு, தன் மெஷினுக்கும் போட்டுத் தரச் சொன்னார். போட்டோஷொப் ஓடுமா என்று கேட்டார். அது இதில் வராது அண்ணே, கிம்ப் என்று ஒன்று இருக்கிறது, பழகவேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.