நாஸ்லர் அக்யூபாண்ட் 180 கிரெய்ன்: .30-06-இல் எல்க் வேட்டைக்கு

நாஸ்லர் நிறுவனத்தின் அக்யூபாண்ட் புல்லட் இது, எடை 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்). .30-06 என்ற தோட்டா வகையில் பொருத்தி, எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட உதவும். இதில் ஈயக் கரு செப்புக் கலவை உறையோடு பிணைந்திருக்கிறது. சாதாரண புல்லட் எல்க்கின் தோள் எலும்பில் கிட்டத்தில் மோதினால் உறை வேறு, ஈயம் வேறு என்று சிதற வாய்ப்புண்டு. அக்யூபாண்ட் சேர்ந்தே உள்ளே போகும். மிஞ்சும் எடை 60-70 சதவீதம். குறைவு என்று முகம் சுளிக்க வேண்டாம், உதிரும் ஈயம்தான் நுரையீரல் காயத்தை அகலமாக்குகிறது. 95 சதவீதம் மிஞ்ச வேண்டுமென்றால் ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் என்ற புல்லட் இருக்கிறது. ஆனால் அதன் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் (காற்றுத் தடையைத் தாண்டி வேகத்தைக் காக்கும் திறனின் அளவு) .400, அக்யூபாண்டுக்கு .507. தூரம் கூடக்கூட வித்தியாசம் தெரியும்.

புல்லட் இலக்கில் பட்டு விரிவதற்குக் குறைந்தது வினாடிக்கு 1800 அடி வேகம் தேவை. 2750-இல் கிளம்பினால் 500 கெஜம் வரை கவலையில்லை. அதற்கு மேல் ஊசி மாதிரி துளைத்துவிட்டுப் போகும். ரத்தத் தடம் கிடைக்காது.

நல்ல வேட்டைத் துப்பாக்கியில் 100 கெஜத்தில் ஓர் அங்குலக் குழு (சுட்ட துளைகளின் பரவல்) எதிர்பார்க்கலாம். போட்டிக்கான மேட்ச் புல்லட் போல ஒரே துளையாக விழாது. தோட்டாவை நீங்களே நிரப்பும்போது குழு விரிந்தால், வெடிமருந்தை மாற்றுமுன் சீட்டிங் ஆழத்தை (கூட்டுக்குள் புல்லட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை) பாருங்கள்: குழலின் உள் சுருள் பள்ளங்களான ரைஃபிளிங்கிலிருந்து 0.050 அங்குலம் தள்ளித் தொடங்கி, 0.020 அங்குலப் படிகளில் நகர்த்துங்கள். அளவை வெள்ளை பிளாஸ்டிக் முனையில் எடுக்காதீர்கள், கம்பேரேட்டர் என்ற அளவுக் கருவி வைத்து ஓஜைவில் (புல்லட் முனையை நோக்கி வளையும் பகுதியில்) எடுங்கள். உச்ச அளவு மருந்து நிரப்பிய லோடில் ரைஃபிளிங்கை ஒட்டி நகர்த்தினால் அழுத்தம் எகிறும். மருந்தைக் குறைத்துவிட்டே சோதியுங்கள்.

கலிபோர்னியாவில் ஈயத் தோட்டா வேட்டைக்கு 2019 ஜூலை முதல் தடை. அங்கே வேட்டைக்கு முழுச் செப்பு போன்ற ஈயமில்லாத புல்லட்தான் பயன்படுத்த வேண்டும்.