வண்ணாரப்பேட்டை ஸ்டுடியோல வாங்குன கையெழுத்து போட்ட கருப்பு வெள்ளை பிரிண்ட்

பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு சின்ன ஸ்டுடியோ, வெளிய இருந்து பாத்தா பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ் அவ்ளோதான். ஆனா உள்ள இருக்குற பெரியவர் அந்தக் காலத்துல அவரே எடுத்து அவரே டார்க்ரூம்ல போட்ட பிரிண்ட் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வச்சிருக்கார். அதுல ஒண்ணு போன மாசம் வாங்கினேன். காசிமேடு, 1986, 10க்கு 12 சைஸ், விலை 4,000 ரூபா.

விடியக்காலைல கட்டுமரம் கரையேறுது, முன்னாடி கூடையை இடுப்புல வச்சிக்கினு ஒரு அம்மா கடலையே பாத்துக்கினு நிக்கிறாங்க, முந்தானை நுனி ஈரமா இருக்குறது கூட தெரியுது. கட்டுமரம் நல்ல இருட்டுல இருக்கு, ஆனாலும் அதுல கட்டுன கயிறோட முறுக்கு ஒவ்வொண்ணா தெரியுது, வானமும் வெளுத்துப் போகல. எப்படி சார்னு கேட்டா, என்லார்ஜர்னு நெகட்டிவ பெருசாக்கி பேப்பர்ல விழ வைக்கிற மெஷின், வெளிச்சம் பட்ட அளவுக்கு பேப்பர் கருக்கும், அந்த வெளிச்சம் விழும்போது கட்டுமரத்துக்கு மட்டும் கையால கொஞ்ச நேரம் மறைச்சேன், அப்பறம் வானத்துக்கு மட்டும் கூடுதலா வெளிச்சம் குடுத்தேன் தம்பின்னு கைய காத்துல ஆட்டிக் காட்டுறார். அதனாலதான் ஒரே நெகட்டிவ்ல போட்டாலும் ரெண்டு பிரிண்ட் அச்சு அசலா ஒண்ணா வராது.

பின்னாடி பென்சில்ல ஊரு, மாசம், வருஷம், கையெழுத்து. பேனான்னா மை ஊறி முன்பக்கம் வந்துருமாம். படம் எடுத்த வருஷமே போட்ட பிரிண்ட்னா ஒரு வருஷம்தான் எழுதுவார், பின்னாடி போட்டதுன்னா ரெண்டு வருஷத்தையும் எழுதிடுவார், விலையும் கம்மி. இந்த நேர்மை எனக்கு ரொம்ப புடிச்சது.

பேப்பர் நம்ம ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸோட இந்து (Indu) பிராண்ட் போட்டோ பேப்பர், அந்த ஃபேக்டரியே இப்ப மூடியாச்சு. அந்த மாதிரி பேப்பர் ஹைப்போவ, அதாவது படத்த நிலைக்க வைக்கிற கெமிக்கல, உறிஞ்சி வச்சிக்கும், சரியா அலசலன்னா வருஷம் போகப் போக பழுப்பு கறை வந்துரும், அதுக்கு ஒரு மணி நேரம் ஓடுற தண்ணி வேணும். குடத்த வரிசைல போட்டுட்டு லாரிக்கு காத்துக் கெடந்த ஏரியால ஓடுற தண்ணிக்கு எங்க போறது? பிளாஸ்டிக் டப்புல ஊற வச்சி பன்னெண்டு தடவ தண்ணி மாத்துவாராம், கடைசி தண்ணிய கொட்டாம அடுத்த பிரிண்டுக்கு மொத தண்ணியா வச்சிப்பாராம். கிட்டத்தட்ட 40 வருஷம் ஆச்சு, வெள்ளை இன்னும் வெள்ளையாவே இருக்கு. சாய்ச்சி பாத்தா மட்டும் ஓரத்துல கருப்பு மேல பிரிண்ட்ல இருக்குற வெள்ளி நீலமா பூத்திருக்கு, வயசானா அது வர்றதுதான்.

ஃபிரேம் போட்டுத் தர மாட்டார். முன்ன ஒரு ஃபிரேம் கடைல எங்க தாத்தா கல்யாண போட்டோவ கண்ணாடியோட ஒட்டி வச்சிக் குடுத்து, கழட்டும்போது பாட்டி முகம் கண்ணாடியோடவே வந்துருச்சு, இன்னும் மனசு ஆறல. இத சொன்னதும் ஸ்டுடியோ பெரியவரே உக்காந்து அட்டைல மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளி விட சுத்தி வைக்கிற சட்டம்) வெட்டிக் குடுத்தார், கடல் காத்து ஊருல கண்ணாடி படத்து மேல படவே கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னார்.

கேஷ் மட்டும்தான், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போங்க. 1856ல தொறந்த நம்ம ராயபுரம் ஸ்டேஷன், அந்த தூணுங்கள எடுத்த பிரிண்ட் ஒண்ணு பெட்டில இருக்கு, சம்பளம் வந்ததும் வரேன்னு சொல்லி தனியா எடுத்து வைக்க சொல்லிருக்கேன்.