10 எக்ஸ் மடக்கு லென்ஸ்: புழு பார்க்கிறவர்களுக்கு ஒரு நல்ல சாமான்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். தாள் வெளியே விழுந்ததும் லென்ஸை வைத்துப் புள்ளி பார்ப்பது அன்றாட வேலை. நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மெஜந்தா ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். லென்ஸ் எனக்குப் பழக்கம். புழுதான் புதுசு.

மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியில்தான் ஆரம்பித்தது. “அப்பா, காக்கா எச்சம் நடக்குதுப்பா” என்று என் மகள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, நிஜமாகவே எச்சம் மாதிரி ஒரு புழு. மறுநாள் அச்சகத்து லென்ஸை மாடிக்குக் கொண்டு போனேன். அது தாள் மேல் நிறுத்துவதற்காகக் கால் வைத்துச் செய்தது. இலை மேல் வைத்தால் இலை மடங்குகிறது, புழு நசுங்கிவிடும். கையில் பிடிக்கிற லென்ஸ் ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடை. பெரியவர் இரண்டு மடக்கு லென்ஸை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றில் 30 எக்ஸ், அதாவது முப்பது மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பொறித்திருந்தது, விலை 120 ரூபாய். இன்னொன்று 10 எக்ஸ், உள்ளே மூன்று கண்ணாடியைச் சேர்த்து ஒட்டியது, 650 ரூபாய். எண்ணைப் பார்த்தால் யாருக்கும் முதலாவதைத்தான் வாங்கத் தோன்றும். நான் சட்டைப் பையில் இருந்த அச்சுத் துண்டை எடுத்துப் பார்த்தேன். 30 என்று போட்டதில் நடுப்புள்ளி மட்டும் சுமார். ஓரத்துப் புள்ளிகள் வளைந்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் நீல விளிம்பு. அதைவிட முக்கியம், தாளை ரெண்டரை சென்டிமீட்டரில் பிடித்தால்தான் அதில் தெளிவு வந்தது. இதற்குக் கணக்கு சுலபம். 25 சென்டிமீட்டரை எக்ஸால் வகுத்தால் எவ்வளவு கிட்டத்தில் பிடிக்க வேண்டும் என்று வந்துவிடும். நிஜமான 30 எக்ஸ் என்றால் பொருள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். ஆக, அந்த 30 வெறும் பொறிப்பு. 650 ரூபாய் லென்ஸில் ஓரம் வரைக்கும் புள்ளி உருண்டையாக இருந்தது. அதை வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது.

வாங்கினதும் எல்லோரும் செய்கிற தப்பு, லென்ஸைப் புழுவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்ப்பது. லென்ஸ் கண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும், மூக்குக் கண்ணாடி மாதிரி. அப்புறம் இலையை மெதுவாக அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். காற்று அடித்தால் லென்ஸ் பிடித்த கையின் சுண்டுவிரலாலேயே காம்பைத் தாங்கிக்கொள்ளலாம். இன்னொரு கண்ணையும் திறந்தே வைத்தால் தலைவலி வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொருக்குப்பேட்டை ரயில் பாதைப் பக்கம் எருக்கஞ்செடிகளைப் பார்க்கப் போவேன். முதல் தடவை லென்ஸ் வைத்தபோது புழுவைவிட இலைதான் என்னை நிறுத்தியது. எருக்கந்தளிரில் வெள்ளையாக ஒட்டியிருப்பதை மாவு என்றே நினைத்திருந்தேன். பார்த்தால் அத்தனையும் பஞ்சு மாதிரிப் பின்னிக் கிடக்கும் மெல்லிய ரோமம். அதில் மஞ்சள் அசுவினிகள் கூட்டமாக. ஒரு இலையின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாக ஒன்று, மேலிருந்து கீழாகச் சன்னமான வரிகள். வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் முட்டை. லென்ஸ் இல்லாமல் அதைப் பால் துளி என்று விட்டிருப்பேன். பக்கத்து இலையில் வளர்ந்த புழு, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்டு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புத் தந்துகளோடு, அதாவது மீசை மாதிரி நீண்ட இழைகளோடு இருந்தது. இந்த ஜோடிகளை எண்ணுவது முக்கியம். அரளியில் இருக்கும் வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு நான்கு ஜோடி.

செடி தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி. லென்ஸ் மீதிப் பாதிக்குத்தான். சில இடத்தில் லென்ஸே வேண்டாம். மணலி புதுநகர்ப் பக்கம் காலி மனைகளில் ஆடுதீண்டாப்பாளை தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். அதில் கருஞ்சிவப்பாக, உடம்பெல்லாம் முண்டு முண்டாக ஒரு புழு இருந்து, நடுவில் வெள்ளைப் பட்டை ஒன்று குறுக்கே ஓடினால் அது உரோஜா அழகன் வண்ணத்துப்பூச்சியின் புழு. பட்டை இல்லாவிட்டால் சிவப்புடல் அழகன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் போதும்.

லென்ஸ் தன் விலையை முழுசாகத் திருப்பித் தந்தது தண்டையார்பேட்டையில் ஒரு தெருப் பிள்ளையார் கோவிலில். நந்தியாவட்டைச் செடிக்குக் கீழே மிளகைவிடப் பெரிய கறுப்புப் புழுக்கைகள் சிதறிக் கிடந்தன. மேலே தேடினால், விரல் தடிமனில் பச்சைப் புழு, வாலில் சின்னக் கொம்பு, முன்பக்கம் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண்கள். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. பூக்கட்டுகிற அக்கா பார்த்துவிட்டு, “இம்மாம் பெரிய கண்ணு வெச்சிக்கினு மொறைக்குது பாரு” என்றார். “அது கண்ணு இல்லக்கா, இதுல பாருங்க” என்று லென்ஸைக் கொடுத்தேன். தலை கீழே, இலையைக் கடிக்கிற வாய்க்குப் பக்கத்தில், கடுகுக்கும் சிறிதாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், பக்கத்துக்கு ஆறு. நிஜக் கண் அதுதான். மேலே இருப்பது குருவியை மிரட்டுவதற்கான சாயம். அந்த அக்கா ரொம்ப நேரம் லென்ஸைத் திருப்பித் தரவில்லை. அடுத்து வயிற்றுக் கால்களைக் காட்டினேன். ஒவ்வொரு காலின் அடியிலும் சின்னச் சின்னக் கொக்கிகள். புழு இலையை விடாமல் பிடித்திருப்பது அவற்றால்தான்.

குறைகள் உண்டு. வட்டம் 18 மில்லிமீட்டர்தான், அந்த மாதிரிப் பெரிய புழு முழுசாக அடங்காது. துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்துக்கு நாலைந்து தடவை கொண்டு போனதில் உப்புக்காற்றில் திருகு துருப்பிடித்து மடக்கே இறுகிவிட்டது. இப்போது வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன். செல்போன் கேமராவில் ஒட்டி வைத்துப் படம் எடுக்கலாம், ஆனால் நடு வட்டம் தவிர மற்றதெல்லாம் இருட்டு. மேகமூட்டமான நாளில் உங்கள் தலையே வெளிச்சத்தை மறைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த லென்ஸ் முகத்தைப் புழுவுக்கு ஓர் அங்குலத்துக்குக் கொண்டு போகும். மழை முடிந்து முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியிடம் அதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன். தொடவே இல்லை, காற்றில் வந்த ரோமம் பட்டு இமையும் கன்னமும் இரண்டு நாள் வீங்கி அரித்தன. குழந்தைகள் கையில் கொடுக்கும்போது முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கறிவேப்பிலைப் புழு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கடைசித் தடவை தோல் உரித்ததும் எச்ச நிறம் போய்ப் பச்சையானது. குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டி, ஒரு நெடி அடிக்கும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்கிற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுவும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும், இரண்டும் கறிவேப்பிலை தின்னும். என்னால் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை, அதனால் கூட்டுப்புழுவாகி வெளியே வரும் வரைக்கும் காத்திருந்தோம். பதினோராம் நாள் காலையில் வந்தது. “உரோஜா அழகன்பா!” என்றாள் மகள். இறக்கை அப்படித்தான் இருந்தது. ஆனால் உரோஜா அழகனுக்கு உடம்பு சிவப்பு, இதற்கு முழுக்கக் கறுப்பு. இது கறிவேப்பிலை அழகியில் பெண் பூச்சி. ஆடுதீண்டாப்பாளை தின்று விஷமேறிய உரோஜா அழகனைக் குருவி தொடாது என்பதால் அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பறக்கிறது.

இறக்கை காய்ந்துகொண்டிருந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸை வைத்தேன். சிவப்புத் திட்டு முழுக்கப் பொடிப் பொடியான செதில்கள், ஓடு வேய்ந்த மாதிரி வரிசையாக. சிவப்பும் கறுப்பும் சேரும் ஓரத்தில் செதில் செதிலாகக் கலந்திருந்தது, நாங்கள் புள்ளி புள்ளியாகக் கலர் கலக்குவது போலவே. மகளுக்கு லென்ஸைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். போன மாதம் அவளுக்கென்று அதே கடையில் இன்னொன்று வாங்கினேன், இப்போது 700 ரூபாய்.