கடலூர் ரோட்டுக்கு செனான் ஹெட்லைட்: கம்பெனி ஃபிட்டிங்கா, வெளியில் போடும் கிட்டா?

புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம் தாண்டி தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை என்று கடலூர் வரை இரவில் ஓடுகிற காரில் ஹெட்லைட்டுக்கு இரண்டு வேலை. பின்விளக்கு இல்லாமல் இடது ஓரத்தில் போகிற சைக்கிளைக் காட்ட வேண்டும். எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. செனான் கிட் (ஹாலஜன் ஹெட்லைட்டிலேயே மாட்டும் செனான் வாயுப் பல்பும், அதற்கு மின்சாரம் தரும் பேலஸ்ட் பெட்டியும்) வாங்கிப் போடுகிறவர்கள் முதல் வேலையை மட்டும் பார்த்து இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

செனான் மேல் ஆசை வருவது நியாயம்தான். சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு டிம்மில் 55 வாட் எடுத்துக்கொண்டு சுமார் 1000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தருகிறது, பிரைட்டில் 60 வாட்டுக்கு 1650. எச்7 பல்பு 1500. செனான் டி2எஸ் பல்போ 35 வாட்டில் 3200 லூமன் கொடுக்கும். ஆனால் அந்த 3200 லூமனும் எங்கே போய் விழும் என்பதைத் தீர்மானிப்பது பல்பைச் சுற்றியுள்ள ரிஃப்ளெக்டர்.

எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகத் தடுப்பு ஒன்று இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் வெளிச்சம் படாமல் அது மறைப்பதால்தான் டிம் வெளிச்சம் மேலே ஏறாமல் ஒரு கோட்டோடு நின்றுவிடுகிறது. கிட் செனானில் இழை கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு முனைகளுக்கு நடுவே மின்வில் சற்று மேல்நோக்கி வளைந்து எரிகிறது. அதன் வடிவம் வேறு, பிரகாசம் கூடுகிற இடம் வேறு. இழைக்காகக் கணக்குப் போட்டு வளைத்த ரிஃப்ளெக்டருக்கு இந்த வில்லை என்ன செய்வதென்று தெரியாது. வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். பானெட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளிச்சென்று இருப்பதால் ஓட்டுகிறவருக்குத் திருப்தி. அந்தப் பளிச்சுக்குக் கண்மணி சுருங்கிவிடுவதால் அறுபது, எழுபது மீட்டருக்கு அப்பால் முன்பை விடக் குறைவாகத்தான் தெரியும். மாடு படுத்திருப்பது அந்தத் தூரத்தில்தான்.

எச்4 கிட்டில் இன்னொரு வம்பு. டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒரே வில் என்பதால் உள்ளே சோலினாய்டு என்ற சின்ன மின்காந்தம் பல்பை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. உப்புக் காற்றில் ஒன்றிரண்டு மழைக்காலம் கண்டபின் அது துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பிரைட்டிலேயே நின்றுவிட்டால் எதிரே வருகிறவர்கள் டிப்பர் அடித்துக்கொண்டே போவார்கள்; ஓட்டுகிறவருக்குக் காரணமே புரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேலஸ்டுக்குள் தண்ணீர் இறங்குவதும், ரப்பர் மூடியில் ஒயருக்காகப் போட்ட ஓட்டை வழியாக ஹெட்லைட்டுக்குள் ஆவி கட்டுவதும் கிட் போட்ட வண்டிகளின் வாடிக்கையான புகார். மலிவான பல்புகளில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி சரியாக இருக்காது. ரிஃப்ளெக்டர் பூச்சு வெந்து மங்கும், முன் லென்ஸ் மஞ்சளாகும். பிறகு பழைய ஹாலஜனையே மாட்டினாலும் பழைய வெளிச்சம் வராது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி செனான் 4300 கெல்வினை ஒட்டித்தான் வருகிறது. கடையில் 6000, 8000 என்று எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும், லூமன் குறையும். நனைந்த கறுப்புத் தார்ச்சாலையில் 8000 கெல்வின் போட்டால் சாலையே காணாமல் போகும்.

கம்பெனி ஃபிட்டிங் அடிப்படையிலேயே வேறு. 1991-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் செனான் முதலில் வந்தது. 2000 லூமனுக்கு மேற்பட்ட விளக்கென்றால் தானாக உயரம் சரிசெய்யும் லெவலரும் விளக்கைக் கழுவும் வாஷரும் வேண்டும் என்று ஐரோப்பிய விதி பிறகு கட்டாயமாக்கியது. புரொஜெக்டரில் (குவி லென்ஸ் வைத்த விளக்கு) தடுப்புத் தகடு வெளிச்சத்தைக் கோடு போட்டு வெட்டுகிறது. பை-செனானில் அந்தத் தகடு இறங்கினால் பிரைட். பல்பு அசைவதே இல்லை.

பிஒய் (புதுச்சேரி) பதிவில் பழைய சூப்பர்ப், ஆக்டேவியா, ஜெர்மன் கார் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது லெவலர் சென்சார். சஸ்பென்ஷன் ஆர்மில் ஒரு சின்னக் கம்பியோடு அது இணைந்திருக்கும். கடலோர வண்டிகளில் அந்தக் கம்பியின் மூட்டு துருப்பிடித்து முறிகிறது. உடனே விளக்கு பாதுகாப்புக்காகக் கீழே இறங்கிக்கொள்ளும். “வெளிச்சம் பத்தலை” என்று பல்பை மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் பலர், கோளாறு கம்பியில். சென்சார் மாற்றினால் ஸ்கேனர் வைத்து ஜீரோ பொசிஷன் பதிய வேண்டும், இல்லையென்றால் விளக்கு வானத்தைப் பார்க்கும். சுவருக்கு நேரே நிறுத்தி, வண்டியை ஆன் செய்து பாருங்கள். இரண்டு பீமும் ஒருமுறை இறங்கி ஏறி நின்றால் லெவலர் உயிரோடு இருக்கிறது.

பல்பின் ஆயுள் 2000 முதல் 3000 மணி நேரம். வயதானால் வெளிச்சம் இளஞ்சிவப்பாக மாறும், எரிந்துகொண்டிருக்கும்போதே அணைந்து மறுபடி எரியும். ஒன்று போனாலும் ஜோடியாக மாற்றுவதே சரி; இல்லாவிட்டால் இரண்டும் இரண்டு நிறத்தில் நிற்கும். டி1எஸ் 85 வோல்ட்டில் ஓடுகிறது. பாதரசம் இல்லாத டி3எஸ் 42 வோல்ட். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அழுத்தி ஏற்றக் கூடாது. பற்றும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும் என்பதால் சுவிட்சை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

ஹெட்லைட்டைச் சூடாக்கித் திறந்து, உள்ளே தனிப் புரொஜெக்டர் பொருத்துவது மூன்றாவது வழி. வெளிச்சம் உண்மையிலேயே நன்றாக வரும். ஆனால் இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கான புரொஜெக்டராக இருக்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய வகையில் பீம் வலது ஓரம் மேலே ஏறும், அதாவது இங்கே எதிரில் வருகிறவர் முகத்தில். பியூட்டைல் பசை முழுச் சுற்றும் விடாமல் ஒட்டாவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே வேர்க்கும். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். கிட்டுக்கும் இது பொருந்தும்.

ஹாலஜன் கார் வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரியிலிருந்து நேராக ரிலே ஒயரிங் போடட்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பக்கத்துக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், துரு சுரண்டிய எர்த். பல்பு முனையில் ஒரு வோல்ட் கூடினாலே வித்தியாசம் தெரியும். மஞ்சளான லென்ஸை 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாத் தடுப்பு கிளியர் அடிக்க வேண்டும். அது இல்லாமல் விட்டால் வெயிலில் சீக்கிரமே மறுபடி மஞ்சள்.

எந்த விளக்கானாலும் பீம் செட்டிங் இப்படி: டயர் காற்று சரியாக, ஓட்டுநர் சீட்டில் ஒருவர், லெவலர் சுவிட்ச் இருந்தால் அது 0-இல், சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, டிம் கோடு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகைத் திருப்புங்கள். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் சுவிட்சை 2 அல்லது 3-க்குத் தள்ளுங்கள். இறங்கியதும் மறக்காமல் 0.