30 நாளில் நாயைத் திருத்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்து ஏமாந்தோம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் யோசித்தேன்.

எங்கள் டைகருக்கு மூன்று வயது. லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தவன். ராத்திரி விடாமல் குரைப்பான். தேயிலை பறிக்கப் போகிறவர்களைக் கேட்டுக்குள் இருந்தே விரட்டுவான். சாப்பிடும்போது கிண்ணத்துக்கு அருகில் யார் போனாலும் உறுமுவான். கடைசியதுதான் எனக்குப் பயம். வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான்.

தெரிந்தவர் மூலம் வந்த பயிற்சியாளர் ஐந்து நிமிடம் பார்த்தார். "அக்கா, இவன் தன்னைத்தான் வீட்டுக்குத் தலைவன்னு நினைச்சிட்டிருக்கான். முகாமுக்கு அனுப்புங்க, 30 நாள்ல வேற நாயாக் கொண்டுவந்து விடுறேன்" என்றார். முகாம் மேட்டுப்பாளையம் தாண்டி எங்கோ. வந்து பார்க்கலாமா என்றால், உங்களைக் கண்டால் கற்றதெல்லாம் மறந்துபோகுமாம். அதற்கும் தலையாட்டினேன். மொத்தம் 18,000 ரூபாய்; 12,000 முன்பணம், ஜிபேயில். பில் கேட்கத் தோன்றவில்லை.

வாரம் ஒரு வீடியோ வந்தது. எல்லாவற்றிலும் பின்னால் கொடியில் அதே நீலத் துண்டு, அதே மடிப்போடு. ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார் என்பது இப்போது புரிகிறது.

சொன்ன நாளில் கொண்டுவந்து விட்டார். "உட்கார்" என்றால் உட்கார்ந்தான். கிண்ணத்தைப் பிடுங்கிக் காட்டினார்; சத்தமே இல்லை. மீதி 6,000 வாங்கிக்கொண்டு கிளம்பினார். அன்று சாயங்காலம் என் கணவர் குல்லாயைக் கழற்றக் கையைத் தூக்கினார். டைகர் தரையோடு ஒட்டிப் படுத்து மூத்திரம் போய்விட்டான். கழுத்து ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். சுற்றிலும் ஒரே இடைவெளியில் பொட்டுப் பொட்டாகப் பொருக்கு, இரண்டில் சீழ். உள்பக்கம் முள் வைத்த பட்டை மாட்டியிருக்கிறார்கள்.

பத்தாம் நாள், கிண்ணத்துப் பக்கம் உருண்ட பந்தை எடுக்கப் பையன் குனிந்தான். உறுமல் இல்லை, பல்லைக் காட்டவில்லை, நேராகக் கையில் கடி. சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். டைகருக்கு வருடம் தவறாமல் தடுப்பூசி போட்டிருந்தும், பையனுக்கு ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர். சரிதான்.

கால்நடை மருத்துவர் என்னைத்தான் திட்டினார். "உறுமினா அடி விழும்னு தெரிஞ்ச நாய் உறுமுறதைத்தான் விடும்மா, பயத்தை விடாது. கொண்டை ஊசி வளைவுல ஹாரன் வயரைப் பிடுங்கிட்டு வண்டி ஓட்டுற மாதிரி பண்ணிட்டீங்க." அந்தத் 'தலைவன்' கதையும் ஓநாய் ஆராய்ச்சியிலிருந்து வந்ததாம். அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் (Mech) என்பவரே 1999இல், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தலைமைக்கு அடித்துக்கொள்ளும் கும்பல் இல்லை, பெரும்பாலும் தாய் தகப்பனும் குட்டிகளும்தான் என்று எழுதிவிட்டார். இங்கே இன்னும் அதை வைத்துக் காசு பார்க்கிறார்கள்.

ராத்திரிக் குரைப்புக்குக் காரணம் நாங்களேதான். வெளியில் கட்டிவைத்திருந்தோம். நம் ஊரில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப்போவது புதுசா? குரைக்காமல் என்ன செய்வான்? உள்ளே படுக்கவைத்ததும் பாதி அடங்கியது. கிண்ணத்துக்கு மருத்துவர் சொன்ன வழி: எடுக்கப் போகாதே, கொடுக்க மட்டும் போ. ஆறடி தள்ளி நின்று வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அவன் உடம்பு இறுகாமல் இருந்தால் அடுத்த வாரம் அரை அடி கிட்டே. பையனுக்கு அந்தப் பக்கமே தடை.

அந்த ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் 11ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் என்னிடம் முகாம் முகவரி இல்லை, பில் இல்லை, அனுப்புமுன் எடுத்த படமும் இல்லை. நீங்கள் அனுப்புவதானால் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் என்ன மாட்டுவீர்கள், எந்த நாளிலும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் நாயைக் கொடுக்காதீர்கள்.

போன வாரம் மாமியார் துடைப்பத்தோடு கிண்ணத்துப் பக்கம் போனார். டைகர் தலையைத் தூக்காமல், தொண்டைக்குள்ளேயே மெல்ல உறுமினான். "ஏய், உறுமுறான்டி!" என்று அவர் அடுப்படிக்கு ஓடிவந்து சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.