குறைமாதக் குழந்தையா? டிஸ்சார்ஜுக்கு முன் கண்ணைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்

எங்கள் மகள் 30 வாரத்தில் பிறந்தாள். எடை 1,280 கிராம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 36 நாள் என்.ஐ.சி.யு.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தாள், அதில் முதல் 11 நாள் ஆக்சிஜனோடு. வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் பாலாடையில் புகட்டுவதையும், நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுப்பதையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கண்ணைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

45 நாள் ஊசி போடப் போன இடத்தில் டாக்டர் கேட்டார்: "ஆர்.ஓ.பி. பார்த்தாச்சாம்மா?" குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயாம் அது. அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். ஃபைலைப் புரட்டியவர் மூன்றாம் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி: கண் பரிசோதனை தேவை. பக்கத்திலேயே தேதி. அது பிறந்த 28ஆம் நாள். அன்றைக்கு என் பிள்ளை அவர்களுடைய இன்குபேட்டரில்தான் படுத்திருந்தாள்!

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் பிரசவ மாதம் வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். முன்னாடியே பிறந்தால் அந்த வளர்ச்சி தாறுமாறாகி, விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் மகளின் கண்கள் அவ்வளவு அழகாக இருந்தன.

மறுநாள் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, இமைகளைக் கம்பியால் விலக்கிப் பார்த்தார்கள். அவள் கத்தக் கத்த என் சுண்டு விரலை விடவே இல்லை. வலது கண்ணுக்கு அன்று மாலையே லேசர் செய்தார்கள், காப்பாற்றிவிட்டார்கள். இடது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் தெரியலாம் என்கிறார்கள்.

பழைய மருத்துவமனைக்குப் போன் செய்தால், "சம்மரியில எழுதியிருக்கோமே, நீங்கதான் பார்க்கணும்" என்று பதில். 1996இல் சென்னையில் 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு இதே பரிசோதனை செய்யாமல் பார்வை போனது. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகும் இப்படி ஒரு பதில்!

34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவு என்றாலோ 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முந்தியோ 1,200 கிராமுக்குக் கீழோ என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. ஒரு தடவை பார்த்து முடிவதில்லை, டாக்டர் போதும் என்று சொல்லும் வரை போக வேண்டும்.

உங்கள் ஃபைலை இன்று இரவே எடுத்துப் பாருங்கள். நாள் தாண்டியிருந்தாலும் காலையில் கிளம்பிவிடுங்கள். ஆனால் எல்லாக் கண் டாக்டரும் இதைப் பார்ப்பதில்லை, அதனால் பச்சைக் குழந்தைக்கு விழித்திரை பார்ப்பார்களா என்று முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.